அணைத்தும் மினுங்கும் பல்பு, ஒன்பதில் திணறும் முள், சார்ஜர் குறுகுறுப்பு: பழுதா, இயல்பா?

#1 கேள்விக்குறி

வீட்டுச் சாமான்கள் சில நேரம் பேய் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு லேசாக மினுங்கும். சுவர்க் கடிகாரத்தின் செகண்ட் முள் 9-க்குப் பக்கத்தில் வந்து துடித்துக்கொண்டே நிற்கும், வேறெங்கும் நிற்காது. சார்ஜரில் போட்ட லேப்டாப்பின் உலோக மூடியை விரலால் தடவினால் குறுகுறுக்கும். ஃப்ரிட்ஜ் கதவை மூடிவிட்டு உடனே திறந்தால் முரண்டு பிடிக்கும். வாஷிங் மெஷின் தண்ணீர் எடுத்து முடிக்கும்போது குழாய் "டம்" என்று அடிக்கும். புது இன்ச் டேப்பின் கொக்கி ஆடும். பையில் சுருட்டிப் போட்ட இயர்போன் வயர் முடிச்சோடுதான் வெளியே வரும்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன, எப்படிச் சோதிப்பது, எதை மாற்றுவது, எதைத் தொடவே கூடாது என்று எழுதுங்கள். ஒரே நிபந்தனை: "எங்க வீட்லயும் அப்படித்தான்" வகைப் பதில்கள் வேண்டாம். அளவோ சோதனையோ இருந்தால் மட்டும் எழுதவும்.

#2 குறடு

பல்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். இதில்தான் குற்றமே செய்யாத பல்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் எவ்வளவு நேரம் மினுங்குகிறது என்று பாருங்கள். அணைத்ததும் மங்கிப்போய் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால், உள்ளே கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சிறு பாகம்) மிச்சமிருந்த சார்ஜும் மஞ்சள் பாஸ்பர் பூச்சின் பின்னொளியும்தான். விட்டுவிடலாம். விடிய விடிய மினுங்கினாலோ, சில செகண்டுக்கு ஒருமுறை "பளிச்" என்று வெட்டினாலோ, வெளியிலிருந்து கரண்ட் கசிந்து வருகிறது. அது வரும் வழிகள் பெரும்பாலும் மூன்று.

ஒன்று, ஸ்விட்சில் இருக்கும் சிவப்பு நியான் விளக்கு. இருட்டில் ஸ்விட்ச் தெரியட்டும் என்று வைத்தது. ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது அந்த நியானுக்கு வேண்டிய கரண்ட் பல்பு வழியாகத்தான் சுற்றை முடிக்கிறது. அதோடு இருக்கும் 220 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு (கரண்டைக் கட்டுப்படுத்தும் தடை) சேர்ந்தால் சுமார் முக்கால் மில்லி ஆம்ப்பியர். அது பல்பு டிரைவரின் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் உள்சுற்று) கெப்பாசிட்டரை மெல்ல நிரப்பும். நிரம்பியதும் ஒரு வெட்டு, மறுபடி நிரப்பல். வெட்டி வெட்டி எரிந்தால் முதல் சந்தேகம் இங்கே.

இரண்டு, வயருக்கும் வயருக்கும் இடையிலான கெப்பாசிட்டன்ஸ், அதாவது பக்கத்துப் பக்கத்து வயர்கள் தொடாமலே ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் போல ஏ.சி.யைக் கடத்துவது. நெருங்கி ஓடும் இரண்டு வயர்களுக்கு மீட்டருக்கு 50 முதல் 100 பிக்கோ ஃபாரட் என்று வையுங்கள். 10 மீட்டர் சேர்ந்து ஓடினால் 1 நானோ ஃபாரட் வரை வரும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியே சுமார் 72 மைக்ரோ ஆம்ப்பியர் போகும். பழைய 60 வாட் குண்டு பல்புக்கு கால் ஆம்ப்பியர் வேண்டும், இந்தக் கசிவு அதற்கு உறைக்கவே உறைக்காது. எல்.இ.டி.க்கோ இருட்டில் கண்ணுக்குத் தெரிய சில மைக்ரோ ஆம்ப்பியரே போதும். வயரிங் மாறவில்லை, பல்புதான் மாறியது. அதனால்தான் இந்தக் கேள்வி புதிதாகக் கிளம்பியிருக்கிறது.

மூன்று, ஸ்விட்ச் பேஸில் (கரண்ட் வரும் வயர்) இல்லாமல் நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் வயர்) இருப்பது. இதுதான் கவலைப்பட வேண்டியது. பல்பு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் முழு வோல்டேஜும் நிற்கும். அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் கை வைத்தால் போச்சு.

#3 கேள்விக்குறி

மாடிப்படி பல்பில் மட்டும் இது ரொம்ப அதிகம் என்று பலரும் சொல்கிறார்களே, ஏன்?

#4 குறடு

கீழே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு ஸ்விட்ச் இருக்கும் இடமில்லையா? அந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு வயர் ஜோடியாக ஓடும். விளக்கு அணைந்திருக்கும்போதும் அவற்றில் ஒன்றில் கரண்ட் இருக்கும். மற்றது பல்போடு இணைந்திருக்கும். ஒரே குழாய்க்குள் மாடி உயரம் முழுக்க ஒட்டிக்கொண்டே போகின்றன. #2-இல் சொன்ன இரண்டாவது வழிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. இங்கே மினுங்கினால் வயரிங் தப்பு என்று முடிவு கட்டாதீர்கள்.

#5 திருப்புளி

குறடு அண்ணே, சோதனை முறையை விட்டுட்டீங்க. அதுல ஒரு பொறி இருக்கு.

நியான் டெஸ்டரை ஹோல்டர்ல வெச்சு எரியுதுன்னு பார்த்துட்டு "நியூட்ரல்ல ஸ்விட்ச் போட்டிருக்கான்"னு பல பேர் தீர்ப்பு எழுதிடுவாங்க. கெப்பாசிட்டன்ஸ் கசிவுக்கே டெஸ்டர் மங்கலா எரியும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் ஏமாத்தும். அதோட உள்தடை 10 மெகா ஓம்ங்கறதால வெறும் கசிவுக்கே 60, 80, 100 வோல்ட்னு காட்டும். அது பொய் வோல்டேஜ்.

அதனால சுமை கொடுத்துப் பார்க்கணும். வழி ரொம்ப எளிசு: எல்.இ.டி. பல்பைக் கழட்டிட்டு ஒரு குண்டு பல்பை மாட்டுங்க, 15 வாட் போதும். ஸ்விட்ச் அணைஞ்ச நிலையில, எர்த்தை ஆதாரமா வெச்சு ஹோல்டரோட ரெண்டு முனையையும் அளங்க. ரெண்டுலயும் சில வோல்ட்தான்னா வெறும் கசிவு, ஆபத்தில்லை. ரெண்டுலயும் 230-க்குப் பக்கமா நின்னா ஸ்விட்ச் நியூட்ரல்ல இருக்கு. குறைந்த தடை மோடு உள்ள மீட்டர்னா குண்டு பல்பே தேவையில்லை.

இந்த அளவீடு எல்லாம் உயிருள்ள முனையில. மீட்டர் பிடிச்சுப் பழக்கமில்லாதவங்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இதே ரெண்டு அளவைக் கேளுங்க.

#6 குறடு

சரிதான், நன்றி. இனி தீர்வு.

நியூட்ரலில் ஸ்விட்ச் இருந்தால் மெயினை அணைத்து மாற்றிப் போடுவது ஒன்றே வழி. நியான் என்றால் அதை எடுத்துவிடலாம், அல்லது நியான் இல்லாத ஸ்விட்ச் மாட்டலாம். வெறும் வயர்க் கசிவு என்றால் பல்புக்கு இணையாக ஒரு கெப்பாசிட்டர்: 0.1 மைக்ரோ ஃபாரட், எக்ஸ்-2 வகை, 275 வோல்ட் ஏ.சி. என்று அச்சிட்டது. அதோடு தொடராக 100 ஓம் ரெசிஸ்டர். 50 ஹெர்ட்ஸில் 0.1 மைக்ரோ ஃபாரடின் மறுப்பு (ஏ.சி.க்கு அது காட்டும் தடை) சுமார் 32 கிலோ ஓம். 72 மைக்ரோ ஆம்ப்பியர் அதன் வழியே போனால் பல்பின் மேல் நிற்பது இரண்டேகால் வோல்ட்தான். பல்பு எரியாது.

#7 திருப்புளி

நியான் ஸ்விட்சை வெச்சுக்கிட்டே தீர்வு வேணும்னா 0.1 சில பல்புக்குப் பத்தாது அண்ணே. முக்கால் மில்லி ஆம்ப்பியரை 32 கிலோ ஓம்ல பெருக்கினா 24 வோல்ட் வருது. சில டிரைவர் அதுக்கே முழிச்சுக்கும். 0.22 போட்டா 11 வோல்ட்டா இறங்கும்.

இன்னும் மூணு விஷயம். கெப்பாசிட்டரை ஸ்விட்சுக்குக் குறுக்கே போடாதீங்க. இது அடிக்கடி நடக்கிற தப்பு. அப்படிப் போட்டா கசிவுக்கு இன்னும் அகலமா ரோடு போட்டுக் கொடுத்த மாதிரி, மினுங்கல் கூடும். பல்பு ஹோல்டர்ல, ரெண்டு முனைக்கும் குறுக்கே வரணும். ரெண்டாவது, "400 வோல்ட் டி.சி."ன்னு போட்ட சாதாரண கெப்பாசிட்டர் உதவாது. அது பழுதானா ஷார்ட் ஆகி எரியும். எக்ஸ்-2 வகையைச் செஞ்சதே ஏ.சி. மெயினுக்குக் குறுக்கே வருஷக்கணக்கா நிக்கத்தான். மூணாவது, டிம்மர் இருக்கிற லைன்ல இதைப் போடவே கூடாது.

#8 குறடு

0.22 சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நியான் வெளிச்சத்துக்காக ஒரு பெட்டியைக் கூடுதலாகத் தொங்கவிடுவதை விட நியானைக் கழற்றுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. பாகம் குறைந்தால் பழுதும் குறையும்.

#9 ஊசல்

கடிகாரத்துக்கு வருகிறேன்.

குவார்ட்ஸ் கடிகாரத்தில் இருக்கும் படிகம் செகண்டுக்கு 32,768 முறை அதிரும். அது 2-இன் 15-ஆம் அடுக்கு. பதினைந்து முறை பாதியாக்கினால் செகண்டுக்கு ஒன்று. அந்த ஒரு துடிப்பு ஒரு சிறு சுருளுக்குப் போகிறது, சில பத்து மில்லி செகண்டு மட்டும். சுருளுக்கு நடுவே இருக்கும் குட்டிக் காந்தம் அரைச் சுற்று திரும்பும். அடுத்த துடிப்பு எதிர்த் திசையில், மறுபடி அரைச் சுற்று. இது லாவெட் மோட்டார். பிரெஞ்சுப் பொறியாளர் மாரியஸ் லாவெட் 1936-இல் உருவாக்கிய அமைப்பு. இன்றைக்கும் கைக்கடிகாரம் முதல் சுவர்க் கடிகாரம் வரை அதுதான் ஓடுகிறது.

இதன் பலம் மிகக் குறைவு. முள்ளை 12-லிருந்து 6-க்கு இறக்குவதற்குப் புவியீர்ப்பே கைகொடுக்கும். 6-லிருந்து 12-க்கு ஏற்ற வேண்டும். ஏற்றத்தில் கஷ்டமான இடம் முள் படுக்கையாக இருக்கும் 9. கிணற்று ராட்டினக் கைப்பிடியைச் சுற்றும்போது ஓரிடத்தில் மட்டும் கை வலிக்குமே, அதே கணக்கு. பேட்டரி தளரும்போது மோட்டார் முதலில் தோற்பது அங்கேதான். துடிப்பு வரும், முள் எம்பும், பல் தாண்டாமல் திரும்ப விழும்.

செய்ய வேண்டியது: பேட்டரியைக் கழற்றி அளங்கள். புதியது 1.5 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேயே காட்டும். 1.2-க்கு இறங்கியிருந்தால் சுவர்க் கடிகாரங்கள் பெரும்பாலும் தடுமாறும். சார்ஜ் ஏற்றும் பேட்டரியின் இயல்பான வோல்டேஜே 1.2 என்பதால், நீளமான முள் உள்ள கடிகாரத்துக்கு அது பொருந்தாது.

புது பேட்டரி போட்டும் 9-இல் நின்றால் வரிசையாக இவற்றைப் பாருங்கள். பேட்டரி தொடும் ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி இருக்கிறதா? ஆல்கலைன் பேட்டரி கசிந்ததாக இருந்தால் வினிகர் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள். செகண்ட் முள் கண்ணாடியையோ நிமிட முள்ளையோ உரசுகிறதா? பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால் தெரியும். முள்ளுக்கு முள் ஒரு மில்லி மீட்டர் இடைவெளியாவது வேண்டும். நிமிட முள்ளின் நட்டை இறுக்கிவிட்டார்களா? விரல் இறுக்கம் போதும், குறடு போட்டால் அச்சு பிடித்துக்கொள்ளும். (குறடு அவர்கள் கோபிக்க வேண்டாம்.) கடைசியாக, பக்கத்தில் ஸ்பீக்கரோ காந்தமோ இருக்கிறதா? குட்டிக் காந்தத்தை அது குழப்பும்.

எல்லாம் சரி, இன்னும் திணறுகிறது என்றால் செகண்ட் முள்ளை மட்டும் மெதுவாக உருவி எடுத்துவிட்டு ஓடவிடுங்கள். மணியும் நிமிடமும் ஒழுங்காக ஓடினால் இயந்திரம் நல்லது, முள்தான் அதற்குக் கனம். முள்ளின் பின்பக்க வால் வெறும் அழகுக்கு இல்லை, எதிர்எடை. வால் ஒடிந்த முள்ளை மாட்டிவிட்டு இயந்திரத்தைத் திட்டக்கூடாது.

#10 கேள்விக்குறி

ஊசல் சார், கடிகாரத்தைச் சட்டென்று பார்க்கும்போது முதல் செகண்டு மட்டும் நீளமாகத் தெரிகிறதே, அதுவும் பேட்டரியா?

#11 ஊசல்

இல்லை, அது கடிகாரம் சம்பந்தப்பட்டதே அல்ல. கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் நொடியில் வரும் காட்சி மங்கல். மூளை அதை நீக்கிவிட்டு, தாவி முடித்த பின் பார்த்ததையே பின்னோக்கி நீட்டி ஒட்டிவிடுகிறது. முள் நிற்கும் காட்சி கொஞ்சம் முன்பே தொடங்கியதாகத் தோன்றும். 2001-இல் நேச்சர் இதழில் இதை அளந்து எழுதியிருக்கிறார்கள். பழுதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: கண்ணை எடுக்காமல் அடுத்த பத்துத் துடிப்பைப் பாருங்கள். ஒரே சீராக இருந்தால் கடிகாரத்தில் குறையில்லை.

#12 திருப்புளி

மாசத்துக்கு அரை நிமிஷம் ஓடிப்போகுதுன்னு சொல்றாங்களே, அதை சரிபண்ண முடியுமா சார்?

#13 ஊசல்

படிகம் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பத்து லட்சத்தில் 20 பங்கு வரை பிசகலாம். அது நாளைக்கு 1.7 செகண்டு, மாதத்துக்கு 50 செகண்டை ஒட்டி. அரை நிமிடம் என்பது இயல்பான எல்லைக்குள்தான்.

வெப்பமும் ஒரு காரணம். இந்தப் படிகங்கள் 25 டிகிரியில் சரியாக ஓடும்படி வெட்டப்பட்டவை. சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகத்தான் ஆகும், வேகமாக ஆகாது. 10 டிகிரி விலகினால் மாதத்துக்குச் சுமார் 9 செகண்டு, 20 டிகிரி விலகினால் நான்கு மடங்கு. அடுப்புக்கு மேலேயோ வெயில் படும் சுவரிலோ மாட்டிய கடிகாரம் பின்தங்குகிறது என்றால் முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

இதோடு ஒட்டிய ஒரு செய்தி. 2018 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஐரோப்பாக் கண்டத்தில் பல வீடுகளில் அடுப்புக் கடிகாரமும் படுக்கையறை ரேடியோக் கடிகாரமும் ஏறக்குறைய 6 நிமிடம் பின்தங்கின. கைக்கடிகாரம் சரியாக ஓடியது. காரணம் வீட்டில் இல்லை. கொசோவோவுக்கும் செர்பியாவுக்கும் இடையிலான தகராறில் மின்தொகுப்புக்குப் போக வேண்டிய மின்சாரம் போகவில்லை. தொகுப்பு முழுக்க அதிர்வெண் சராசரியாக 50-க்குப் பதில் 49.996 ஹெர்ட்ஸாக இறங்கியது. மெயின் அலையை எண்ணி நேரம் காட்டும் கடிகாரங்கள் அதை அப்படியே நம்பின. கணக்கும் பொருந்துகிறது: 50-இல் 0.004 குறைவு என்றால் நாளைக்கு 6.9 செகண்டு, 50 நாளுக்கு 345 செகண்டு. படிகத்தில் ஓடும் கடிகாரத்துக்கு இந்தப் பாதிப்பு கிடையாது.

#14 கேள்விக்குறி

அருமை. ஒரு நாளைக்கு 7 செகண்டு யாருக்கும் தெரியாது, ஏழு வாரத்தில் ரயிலை விட வைத்துவிடும்! சார்ஜர் குறுகுறுப்புக்கு யார் வருகிறீர்கள்?

#15 குறடு

மூன்றாவது கம்பி இல்லாத, இரண்டு முள் மட்டும் உள்ள சார்ஜர்களில் மெயின் பக்கத்தையும் வெளியீட்டுப் பக்கத்தையும் இணைத்து ஒரு சிறு கெப்பாசிட்டர் இருக்கும். பெரும்பாலும் நீல நிற வட்டு, ஒய் வகை. உயர் அதிர்வெண் இரைச்சலை அடக்க அது அவசியம். அளவு பொதுவாக 1 முதல் 2.2 நானோ ஃபாரட். அது வழியாக 50 ஹெர்ட்ஸும் கொஞ்சம் கசியும். 2.2 என்று வைத்தாலும் அதிகபட்சம் 0.16 மில்லி ஆம்ப்பியர். எர்த் இணைப்பு இல்லாத இத்தகைய சாதனங்களுக்கு வழக்கமாக வைக்கும் பாதுகாப்பு எல்லை 0.25. ஆக, சரியாகச் செய்த சார்ஜரில் குறுகுறுப்பு என்பது பழுதல்ல.

சுவாரசியம் என்னவென்றால், விரலை அழுத்தி வைத்தால் ஒன்றும் தெரியாது. லேசாகத் தடவினால்தான் தெரியும். மாறி மாறி வரும் மின்புலம் தோலை உலோகத்தோடு இழுத்து இழுத்து விடுகிறது, உராய்வு ஏறி இறங்குகிறது, பரப்பே அதிர்வது போல விரல் உணர்கிறது. 1953-இலேயே சயன்ஸ் இதழில் இதை விவரித்திருக்கிறார்கள். புறங்கையால் தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றால் கூடும். ரப்பர் செருப்போடு நின்றால் குறையும்.

லேப்டாப் சார்ஜருக்கு எர்த் முள் உள்ள வயர் போட்டு, எர்த் உண்மையிலேயே இருக்கும் பாயிண்டில் சொருகினால் பெரும்பாலும் நின்றுவிடும். "உண்மையிலேயே" என்று அழுத்திச் சொல்கிறேன். மூன்று ஓட்டை இருப்பதெல்லாம் எர்த் அல்ல.

#16 திருப்புளி

எப்ப பயப்படணும்னும் சொல்லிடுவோம். குறுகுறுப்புங்கறது வேற, "சுருக்"னு குத்தறது வேற. குத்தினா அந்த சார்ஜரை அந்த நிமிஷமே கழட்டிடுங்க.

அளந்து பார்க்கணும்னா: சார்ஜரோட வெளியீட்டு முனைக்கும் எர்த்துக்கும் நடுவுல 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு. அதுக்குக் குறுக்கே மல்டிமீட்டர், ஏ.சி. வோல்ட்ல. 2.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினா கசிவு 0.25 மில்லி ஆம்ப்பியருக்குள்ள, தேவலை. ரெசிஸ்டர் இல்லாம வெறும் மீட்டரை வெச்சா 90, 110னு காட்டி உங்களைக் கலங்கடிக்கும். பல்புக் கதையில சொன்ன அதே பொய் வோல்டேஜ்.

எர்த்துன்னு நினைச்சு வேற ஓட்டையில கம்பியை விட்டா கதை முடிஞ்சுது. அடையாளம் உறுதியாத் தெரியாதவங்க இந்த அளவீட்டுல இறங்கவே வேண்டாம்.

போலி சார்ஜர்ல என்ன தப்பு நடக்குதுன்னா, ஒய் வகைக்குப் பதிலா சாதாரண வட்டுக் கெப்பாசிட்டரைப் போட்டிருப்பான். ஒய் வகை பழுதானா சுற்று திறந்துபோற மாதிரி செஞ்சது. சாதாரணது ஷார்ட் ஆகும். அப்ப 230 வோல்ட் நேரா போனோட உலோகத்துக்கு வரும். அடுத்து, போர்டுல மெயின் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் சுமார் 6 மில்லி மீட்டர் இடைவெளி வேணும். நல்லதுல அங்கே போர்டையே கீறித் துளை விட்டிருப்பாங்க. போலியில ஒரு மில்லி மீட்டர்ல ரெண்டு தடமும் உரசிக்கிட்டுப் போகும். வெளியில இருந்து இதெல்லாம் தெரியாது. எடை மட்டும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும்: அதே வாட்டுக்கு ரொம்ப லேசா இருந்தா நம்பாதீங்க.

#17 வால்வு

குழாய் "டம்" என்பது பற்றி.

ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அதன் வேகம் முழுக்க அழுத்தமாக மாறும். செப்புக் குழாயில் அந்த அதிர்ச்சி அலை செகண்டுக்குச் சுமார் 1,300 மீட்டர் வேகத்தில் ஓடும். தண்ணீர் செகண்டுக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தால் ஒரு கணத்துக்கு ஏறும் அழுத்தம் 13 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). வீட்டுக் குழாயில் சாதாரணமாக இருப்பது 2, 3 பார்தான். பிவிசி கொஞ்சம் விரிந்து கொடுக்கும் என்பதால் அதில் அலை வேகமும் அடியும் மூன்றில் ஒரு பங்கு.

கையால் திருகி மூடும் குழாயில் இது வராது, ஏனென்றால் மூட ஒரு செகண்டுக்கு மேல் ஆகும். வாஷிங் மெஷினின் சோலனாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறந்து மூடுவது) இமைப்பதற்குள் மூடும். சத்தம் சுவரில் கேட்டாலும் காரணம் மெஷினின் வாயில் இருக்கிறது. சுவரை உடைக்காதீர்கள்.

முதலில் மெஷினுக்குப் போகும் குழாயைப் பாதி மூடி ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் வேகம் பாதியானால் அடியும் பாதி. மெஷின் நிரம்பக் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். சத்தம் போய்விட்டால் காரணம் உறுதி. அப்புறம் கிளாம்ப்: 20 மி.மீ. பிவிசி என்றால் 60 முதல் 90 செ.மீ.க்கு ஒன்று. அடி அதே அளவு இருந்தாலும் குழாய் சுவரில் மோதாது. நிரந்தரத் தீர்வு, பிஸ்டன் வைத்த அதிர்ச்சித் தாங்கி. வால்வுக்குப் பக்கத்திலேயே, ஒன்றரை மீட்டருக்குள் போட வேண்டும். தள்ளிப் போட்டால் காசு தண்டம்.

சில வீடுகளில் குழாய் முனையில் மேல்நோக்கி மூடிய ஒரு துண்டு இருக்கும். உள்ளே காற்று நின்று மெத்தை போல வேலை செய்ய வேண்டும். நாளாக நாளாகக் காற்று தண்ணீரில் கரைந்து துண்டு நிரம்பிவிடும். மறுபடி காற்று ஏற்ற: மெயின் வால்வை மூடி, மேலேயுள்ள குழாயைத் திறந்து, பிறகு கீழேயுள்ள குழாயைத் திறந்து எல்லாத் தண்ணீரையும் வடியவிடுங்கள். கீழ்க் குழாயை மூடி, மெயினை மெதுவாகத் திறந்து, மேல் குழாய் துப்புவது நின்றதும் அதையும் மூடுங்கள்.

குழாய் திறந்திருக்கும்போதே "டர்ர்ர்" என்று அதிர்ந்தால் அது வேறு வியாதி. உள்ளே வாஷர் தளர்ந்திருக்கிறது. மாற்றினால் போதும்.

#18 தூக்குநூல்

டேப் கொக்கி ஆடணும். ஆடலைன்னாதான் பழுது.

கொக்கித் தகடு சுமார் ஒரு மில்லி மீட்டர் தடிமன். பலகை விளிம்புல மாட்டி இழுத்து அளந்தா கொக்கியோட உள்பக்கத்துல இருந்து கணக்கு; சுவர்ல முட்டி அளந்தா வெளிப்பக்கத்துல இருந்து. ரெண்டுலயும் அளவு ஒண்ணா வரணும்னா கொக்கி அதோட தடிமன் அளவுக்கு முன்னும் பின்னும் நகரணும். ரிவெட் ஓட்டையை நீளமா விட்டிருக்கறது அதுக்குத்தான். ஆடுதேன்னு ரிவெட்டைச் சுத்தியலால அடிச்சு இறுக்கினா ரெண்டுல ஒரு அளவு எப்பவும் ஒரு மில்லி மீட்டர் தப்பாவே வரும். அலமாரிக் கதவுக்கு ஒரு மில்லி மீட்டர்ங்கறது பெரிய ஓட்டை.

சரியா இருக்கான்னு பார்க்க: ஒரு பலகையைக் கொக்கி மாட்டி அளங்க. அப்புறம் கொக்கியை விட்டுட்டு 10 செ.மீ. கோட்டை விளிம்புல வெச்சு அளந்து 10-ஐக் கழிங்க. அதே பலகையை சுவர்ல முட்டவெச்சு, முட்டி ஒருதரம். மூணும் ஒண்ணா வரணும். வரலைன்னா கொக்கி வளைஞ்சிருக்கும். டேப்பை வேகமா உள்ளே சுருளவிட்டு "டப்"புன்னு அடிக்கவிடறதுதான் பெரும்பாலும் காரணம். கடைசி அரை அடிக்கு விரலை வெச்சுத் தடுங்க.

#19 கேள்விக்குறி

ஃப்ரிட்ஜும் இயர்போனும் பாக்கி. கூடவே ஒரு சின்னக் கேள்வி: காரில் பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்று பம்ப் படத்தின் குழாய் காட்டும் என்கிறார்களே?

#20 வால்வு

படத்தில் குழாய் இருக்கும் பக்கத்தை நம்ப முடியாது, பல வண்டிகளில் தலைகீழாக இருக்கும். பக்கத்தில் குட்டி முக்கோண அம்பு இருந்தால் அதை நம்பலாம். ஃபோர்டு நிறுவனத்தில் ஜிம் மாய்லன் என்ற வடிவமைப்பாளர் 1986-இல் கொடுத்த யோசனை அது.

ஃப்ரிட்ஜ்: கதவைத் திறந்தபோது புகுந்த வெப்பக் காற்று, மூடியதும் குளிர்ந்து சுருங்குகிறது. 30 டிகிரிக் காற்று மைனஸ் 18-க்குப் போனால், காற்றுப் புகாத பெட்டியாக இருந்தால், அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறையும். கதவைத் திறக்க அரை டன் விசை வேண்டியிருக்கும்! கேஸ்கட்டும் (கதவோர ரப்பர் பட்டை) தண்ணீர் வடியும் ஓட்டையும் காற்றை மெல்ல உள்ளே விடுவதால்தான் நாம் தப்பிக்கிறோம். ஒரு நிமிடம் பொறுத்தால் தானாக இளகும். பிடியை வெடுக்கென்று இழுப்பதில் உடைவது பிடிதான்.

ஐந்து நிமிடம் கழித்தும் இறுக்கமாகவே இருந்தால் கேஸ்கட்டில் பிசுக்கு ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். எதிர்ப் பழுதுக்கும் சோதனை உண்டு: ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கேஸ்கட் பிடிக்கவில்லை. நான்கு பக்கமும் பாருங்கள், கீல் பக்கத்தை மறக்காமல்.

#21 ஊசல்

இயர்போன் முடிச்சுக்கு ஆய்வே இருக்கிறது. 2007-இல் அமெரிக்காவில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் இருவரும் கயிற்றைப் பெட்டியில் போட்டு 3,415 முறை உருட்டினார்கள். 46 செ.மீ.க்குக் குறைவான கயிற்றில் முடிச்சு விழவில்லை. அதற்கு மேல் நீளம் கூடக் கூட வாய்ப்பு சட்டென்று ஏறி, ஒன்றரை மீட்டருக்குப் பக்கத்தில் பாதிக்குப் பாதி ஆனது. அடுத்த ஆண்டு இக் நோபல் பரிசும் கிடைத்தது. இயர்போன் வயரின் நீளம் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர். மிக மோசமான இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

முடிச்சு விழ, தனியாக நிற்கும் ஒரு முனை சுருளுக்குள் நுழைய வேண்டும். ஆகவே சுருட்டுவதைவிட முக்கியம் முனையைக் கட்டுவது. பிளக்கையும் காதுமுனைகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு கிளிப் போட்டாலே பெரும்பகுதி தீர்ந்தது.

#22 திருப்புளி

நீள வயருக்கு, அதாவது எக்ஸ்டென்ஷன், மைக் வயர் மாதிரி, ஒரே பக்கமா சுத்தாதீங்க. ஒவ்வொரு சுத்துக்கும் வயர்ல ஒரு முழு முறுக்கு ஏறும். இருபது சுத்துன்னா இருபது முறுக்கு, பிரிக்கும்போது பாம்பு மாதிரி நெளியும். முதல் வளையத்தை சாதாரணமா வைங்க. அடுத்ததுக்கு மணிக்கட்டைத் திருப்பி, வயர் உள்பக்கமா போற மாதிரி வளையம் போடுங்க. ஒண்ணு நேர், ஒண்ணு மறு. முறுக்கு ஒண்ணையொண்ணு அழிச்சிடும். இதுல ஒரே ஆபத்து: பிரிக்கும்போது முனை வளையத்துக்குள்ள புகுந்துட்டா வரிசையா முடிச்சு விழும். அதனால மேல் முனையைப் பிடிச்சு இழுக்கணும், அடி முனையை வளையத்துக்கு வெளியிலயே விட்டு வைக்கணும்.

#23 கேள்விக்குறி

ஒரு சந்தேகம் பாக்கி. நியானைக் கழற்றியாயிற்று, ஸ்விட்சும் பேஸில்தான், மாடிப்படியும் இல்லை. இன்னும் மினுங்குகிறது என்றால்?

#24 குறடு

ஸ்விட்ச் பெட்டிக்குள் ஈரமோ, கரி படிந்த பழைய ஸ்விட்சோ பாருங்கள். அது இல்லை என்றால் ஆள் நடமாட்டம் பார்க்கும் சென்சார், ஸ்மார்ட் ஸ்விட்ச், எலக்ட்ரானிக் டிம்மர் ஏதாவது அந்த லைனில் இருக்கும். நியூட்ரல் வயர் இல்லாமல் வேலை செய்யும் ஸ்மார்ட் ஸ்விட்ச் என்றால் அது தன் சாப்பாட்டைப் பல்பு வழியாகத்தான் எடுக்கிறது, அணைத்தாலும் எடுக்கும். அதற்கென்று தயாரிப்பாளரே பெட்டியோடு கொடுக்கும் சிறு துணைப்பாகத்தைப் பல்புக்கு இணையாகப் போடுங்கள். #6-இல் சொன்ன கெப்பாசிட்டரை அங்கே நீங்களாகப் போட வேண்டாம்.